மாப்பிள்ளையின் கியர் சைக்கிள்

ஜூலை 12, ஞாயிறு

காற்று. கொடியில் ஒரு துணி நிற்கவில்லை. தறிக்கு லீவு.

மாப்பிள்ளையின் கியர் சைக்கிள் தறி வீட்டு மூலையில், மூன்று வாரமாக. வேலூரிலிருந்து மிதித்தே வந்தவர் மழையில் சிக்கி, பஸ்ஸில் திரும்பிவிட்டார். போகும்போது சொன்னது: "தொடாதீங்க மாமா. தலை ஆடிக்கு வர்றப்போ நானே க்ளீன் பண்ணிக்கறேன்."

பின்சக்கரத்துப் பல்லெல்லாம் சேறு காய்ந்து கட்டி. புது மாப்பிள்ளை விருந்துக்கு வந்து சேறு சுரண்டுவதா? நல்லா இருக்கே!

மண்ணெண்ணெய், பழைய பிரஷ், தறியில் மிஞ்சிய கழிவுப் பட்டு நூல் ஒரு கைப்பிடி. இந்த வீட்டில் எதைத் துடைத்தாலும் கழிவுப் பட்டுதான், நிலைக்கண்ணாடி முதல் கிரைண்டர் வரை. ஒன்பது பல்சக்கரம். இடுக்கு இடுக்காக நூலை விட்டு இழுத்துத் துடைத்தேன். மேலே தாராளமாக எண்ணெய். சரசு எட்டிப் பார்த்தாள். "இத்தினி அக்கறையா என் மிக்சிய ஒரு நாள் துடைச்சிருப்பீங்களா?"

ஜூலை 13, திங்கள்

கா. 6 மணி. தெருவில் ஓட்டிப் பார்த்தேன். சின்னப் பல்லுக்குப் போட்டால் செயின் உட்காரவில்லை. டக், டக், குதிக்கிறது. சேறோடு வந்தபோதுகூட ஒழுங்காக ஓடிய வண்டி!

பின்னால் இரண்டு திருகு. ஒன்றை அரைச் சுற்று. மோசம். மற்றதை ஒரு சுற்று. படு மோசம். எதை எவ்வளவு திருகினேன் என்று குறித்துவைக்கவில்லை. மடையன்.

முதலாளி போன். "தறியிலேர்ந்து சேலை எப்ப அறுப்பீங்க?" வியாழன் என்றேன். முந்தி இன்னும் நெய்யாமல் அப்படியே கிடக்கிறது.

ஜூலை 14, செவ்வாய்

சரசு போய் தேவியை அழைத்து வந்துவிட்டாள். ஆடி முழுக்க மகள் இங்கேதான்.

மாலை மாப்பிள்ளை போன். சனிக்கிழமை சிநேகிதர்களோடு சந்தவாசல் வழியாகப் படவேடு போகிறாராம். அதே வண்டியில்.

"வண்டி அப்படியே இருக்கா மாமா?"

"தூசுகூட தட்டல மாப்ள."

வாயில் தானாக வந்துவிட்டது. கல்யாணமாகி நாலு மாதம். அவரிடம் சொன்ன முதல் பொய்.

ஜூலை 15, புதன்

பாஷா பாய் சைக்கிள் கடை. குனிந்து பார்த்தார்.

"யாருண்ணே இதுல கை வச்சது?"

"தெரியல பாய்."

இரண்டாவது பொய்.

"எவனோ நல்லா பேஜார் பண்ணி வச்சிகிறான். கியர் வண்டி நம்ம கைக்கு ஒத்துவராது. வேலூருக்கு எத்துனு போங்க."

வேலூர்! அங்கேதான் அவர் இருக்கிறார்.

மாலை வாசலில் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, போனில் வீடியோ பார்த்து வேலை. வீடியோ இந்தியில். கேபிளை இறுக்கினேன். செயின் தாவி ஆரக்கால் பக்கம் விழுந்தது. விரல் நசுங்கியது. முழங்கை வரை கறுப்பு. மூன்று தரம் சோப்பு போட்டும் போகவில்லை. இந்தக் கையை வெங்காயக் கலர் முந்தி மேல் வைக்க முடியுமா? தறி ஏறவில்லை.

தேவி போனை நீட்டிக்கொண்டு நின்று சிரித்தாள்.

"இன்னாடி சிரிப்பு?"

"ஒண்ணுமில்லப்பா, ரீல்ஸ் பாத்துகினு இருக்கேன்."

எரிச்சல் எரிச்சலாக வந்தது.

ஜூலை 16, வியாழன்

கை பாதிதான் வெளுத்திருக்கிறது. சேலை அறுக்கவில்லை. முதலாளியிடம் திட்டு.

சரசு: "அவர்கிட்ட சொல்லிடுங்களேன். தலையா போயிடும்?"

தலை போகாது. மரியாதை போகும். அவர் தொடாதீங்க என்று சொன்னது இந்த வீட்டில் ஒரே ஒரு பொருளை. மாமனார் பொய்க்காரன் என்று ஒரு தரம் பெயர் வந்தால் கடைசி வரை கூடவே வரும்.

பழி போட யோசித்தது: எலி (செயினைக் கடிக்குமா?), பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், காற்றில் வண்டி விழுந்தது. ஒன்றும் தேறவில்லை.

ஜூலை 17, வெள்ளி. ஆடி 1

மாப்பிள்ளை 10 மணிக்கு வந்தார். வடை, பாயசம், வேட்டி சட்டை. சாப்பிட்ட கையோடு வண்டியிடம் போனார்.

பின்சக்கரத்தைக் கழற்றி, போன் வெளிச்சத்தில் பல்லிடுக்கைப் பார்த்தார். கறுப்பாக, எண்ணெயில் ஊறி, இறுகச் சுற்றிய ஏதோ. நான் கிரீஸ் என்று நினைத்திருந்தது. நகத்தால் சுரண்டினார். உள்ளே அரக்குச் சிவப்பு.

பட்டு. இடுக்கு முழுக்க நூல் இருந்தால் செயின் எப்படி உட்காரும்? பாவில் ஓர் இழை அறுந்தால் பத்தடி தள்ளியிருந்தே சொல்கிறவன் நான். ஐந்து நாளாக மூக்குக்கு நேரே இருந்தது தெரியவில்லை!

அவர் இழுத்துப் பார்த்தார், வரவில்லை. பிளேடை எடுத்தார். எனக்குப் பதறியது. வெட்டினால் துண்டு துண்டாக உள்ளேயே தங்கிவிடும்.

"வெட்டாதீங்க மாப்ள! நுனி கிடைச்சா முழுசா வந்துடும். நான் சுத்துனது, நானே எடுக்கறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

அவர் பிளேடைக் கீழே வைத்தார். "தெரியும் மாமா." போனைக் காட்டினார். தலைகீழ்ச் சைக்கிள், கறுப்புக் கை, என் மூஞ்சி. புதன்கிழமை எடுத்தது. "நீங்களா சொல்ற வரைக்கும் கேக்கக் கூடாதுன்னு தேவி ஆர்டர்."

தேவியைக் காணோம். ஓடிவிட்டாள்.

சக்கரத்தை மடியில் வாங்கிக்கொண்டேன். நுனி தேடக் கால் மணி நேரம். அவர் வெளிச்சம் பிடித்தார். ஓர் இழைகூட அறாமல் வந்தது. அவ்வளவையும் அவர் விரலில் சுற்றி வைத்துக்கொண்டார்.

பிறகு கேட்டார். "இந்த ரெண்டு ஸ்க்ரூவ எவ்ளோ திருப்பினீங்க மாமா?"

"தெரியாது மாப்ள."

இது சத்தியமாக உண்மை.