ஆயுசுக்கும் தாங்கும் வால்வு

அன்புத் தம்பிக்கு,

வரும் வியாழக்கிழமை அப்பாவுக்கு மார்பைத் திறக்காமல், தொடை வழியாகக் குழாய் விட்டு இதய வால்வு மாற்றுகிறார்கள். அதற்காக டனீடன் நகர ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறோம்.

பத்து வருடத்தில் அந்தப் புது வால்வு தேய்ந்துபோனால் அதற்குள்ளே இன்னொன்று வைக்க இடம் இருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். "இவருக்கு அது தேவைப்படாதுங்க" என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

அதைக் கேட்ட அப்பாவுக்கு ஒரே குஷி. சிப்பி பிடிக்கும் படகு ஓட்டுகிற அவருடைய கூட்டாளி கிரேமுக்கு உடனே போன் போட்டார். "டேய், ஆயுசுக்கும் தாங்குமாம்டா! நீ வருஷத்துக்கு ஒரு எஞ்சின் மாத்துறியே!"

நானும் சிரித்தேன். தேநீரைக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டேன். அந்த ஆயுசு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

நீயும் அப்பாவும் பேசிக்கொள்ளாமல் இருப்பது பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. புதன்கிழமை உன் பெர்த்திலிருந்து இங்கே வர விமானம் இருக்கிறது. பார்த்துவிட்டேன்.

உன் அக்கா