மூன்றாவது கியரில் உங்கள் தப்பு எதுவுமில்லை

போய் எட்டு மாதமாகியும் தினம் ஒரு தடவையாவது என்னைப் பேசவைக்கிற என் சேவியர் மச்சானுக்கு,

உடம்பு அலுத்துப்போய்க் கிடக்கிறது. நான்கு ஞாயிற்றுக்கிழமைகளாக ராயப்பன்பட்டியில் பூசை முடிந்ததும் பஸ் பிடித்துச் சின்னமனூர் வந்து, உங்கள் பட்டறைத் தரையில் அட்டையை விரித்து மல்லாந்து கிடக்கிறேன். தாலுகா ஆபீசில் பேனா பிடிக்கிறவன் நாற்பத்தாறு வயதில் கியர் பாக்ஸைத் தூக்கினால் என்ன ஆகும்? இடுப்பு பிடித்துக்கொண்டது. உங்கள் தங்கச்சி ஜெயராணி தைலம் தேய்த்துவிட்டுத் திட்டுகிறாள்.

பதினைந்து வருடம் உங்களோடு ஸ்பேனர் பிடித்த முருகன்தான் இப்போது பட்டறையை நடத்துகிறார். போர்டில் உங்கள் பெயரை எடுக்கவில்லை. ஆனால் வேலை குறைந்துவிட்டது. அதற்குக் காரணம் நான் என்பது முருகனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 

இந்தக் கடிதத்தை நம் கார்க்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போடப்போகிறேன். உங்களைப் பற்றி நான் பேசியதும் அங்கேதானே? புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சின்ன உடம்பில் பெரிய எஞ்சினை வைத்திருக்கிற என் சிவப்புக் காருக்கு, வளைவிலிருந்து விருட்டென்று கிளம்புகிற மாதிரி பல்சக்கரங்களை மாற்றிக் கியர் பாக்ஸ் கட்டிக்கொடுத்தவர் நீங்கள். போன வருடம் கோயம்புத்தூர் பக்கம் டிராக் டேக்குக் கொண்டுபோனோம். சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டிப்பார்க்க விடுகிற நாள் அது. ஒரு வளைவில் மூன்றாவது கியரில் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். கியர் தானாக வெளியே வந்துவிட்டது. கார் சுழன்று புல்லுக்குள் போய் நின்றது.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் நன்றாகப் பயந்துவிட்டேன். இறங்கியதும் பத்துப் பேர் முன்னால், "மச்சான் கட்டுன பாக்ஸு, ஆளக் கொல்லப் பாத்துச்சு!" என்று கத்தினேன். அதோடு விட்டேனா? சேவியரிடம் யாரும் கியர் வேலைக்குக் கொடுக்காதீர்கள் என்று சாயங்காலம் குரூப்பிலும் போட்டேன்.

நீங்கள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "பெட்டிய எறக்கிப் பிரிச்சுப் பாப்போம் மாப்ள. பாத்துட்டு என்ன வேணாலும் பேசு." காரைத் தொட விடமாட்டேன் என்று வீம்பு பிடித்தேன். கார் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. கம்பத்திலிருந்து உங்களிடம் வந்துகொண்டிருந்த வண்டிகள் தேனிக்குப் போக ஆரம்பித்தன.

மச்சான், இப்போது பிரித்துப் பார்த்துவிட்டேன். நீங்கள் உட்கார வைத்த சக்கரங்கள் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. ஒரு பல்லில்கூடச் சின்ன வெட்டு இல்லை. பேரிங்குகளைக் கையால் சுற்றினால் சத்தமே வரவில்லை. கியரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்துகிற, கவட்டை மாதிரியான இரும்புக் கவை மட்டும் ஒரு பக்கம் பளபளவென்று தேய்ந்து இளைத்திருந்தது. முருகன் அதைத் துடைத்து என் கையில் வைத்தார்.

"கியரப் போட்டுட்டுக் கைய எடுக்காம லிவர் மேலயே வச்சிருந்தா, இங்கன ஒரசிக்கிட்டே இருக்கும்ணே. தேஞ்சுபோச்சுன்னா கியர் முழுசா விழுகாது. மிதிக்கும்போது வெளிய வந்துரும்."

"இது மச்சானுக்குத் தெரியுமா முருகா?"

"அண்ணன் அன்னைக்கே சந்தேகப்பட்டாக. மாப்ளைக்குக் கை சும்மா இருக்காதுன்னு சொன்னாக. கண்ணால பாக்காமச் சொன்னா நீங்க கோவப்படுவீகன்னு விட்டுட்டாக."

என் இடது கை எப்போதும் அங்கேதான் இருக்கும். ஆபீசுக்குப் போனாலும், குமுளி மலை ஏறினாலும் அங்கேதான். ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

புதுக் கவை வாங்கி, அது உட்காருகிற வளையத்தையும் மாற்றிப் பூட்டினோம். எல்லா போல்ட்டையும் முறுக்கி, கை கழுவி, டீயும் குடித்தபிறகு பார்த்தால் ரிவர்ஸ் கியரின் சின்னச் சக்கரம் தட்டிலேயே இருக்கிறது. "ட்ராக்குல பின்னாடி எதுக்குண்ணே போகணும்? விட்ருவமா?" என்றார் முருகன். நீங்கள் போன பிறகு அந்தப் பட்டறையில் அன்றைக்குத்தான் சிரித்தோம். மறுபடியும் பிரித்தோம். அடுத்த மாதம் வருகிற டிராக் டேக்காக இப்போது பிரேக் ஆயில், டயர், முன்னால் இழுவைக் கொக்கி எல்லாம் தயார். மூன்றாவது கியர் விழுந்த இடத்தில் நிற்கிறது.

ஆனால் நான் எழுத வந்தது இது இல்லை. குரூப்பில் யாருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது.

என் மகள் கோயிலில் முதல் நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்கு நான்கு நாள் இருக்கும்போது நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். தாய்மாமன் இல்லாமல் எப்படி நடத்துவது என்று ஜெயராணிதான் உங்களை அழைத்து வந்தாள். கையில் காமயகவுண்டன்பட்டி திராட்சைப் பை. வாசல் நிலையைத் தாண்டாமலே சொன்னீர்கள். "என் வேலைலதான் ஏதோ கோளாறு ஆயிருச்சு மாப்ள. மனசுல வச்சுக்காத." நான் ஆபீசில் மனு வாங்குகிற மாதிரி, "சரி, விடுங்க" என்றேன். உட்காரச் சொன்னேனா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அடுத்த இரண்டு மாதத்தில் நெஞ்சுவலி என்று போய்விட்டீர்கள்.

தப்பு உங்களுடையது இல்லை என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தேதானே மன்னிப்புக் கேட்டீர்கள்?

அந்தத் தேய்ந்த கவையை ஆபீஸ் பைக்குள் இரண்டு வாரம் வைத்துச் சுமந்தேன். ஜெயராணியிடம் சொல்லாவிட்டால் நான் மனுஷனில்லை. சொன்னால் அவள் என்ன ஆவாள்? போன ஞாயிறு தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். அவள் கை நின்றுவிட்டது.

"அண்ணன் வரமாட்டேன்னுச்சு. என் தப்பு இல்ல பாப்பான்னு அம்புட்டுத் தடவ சொல்லுச்சு. நாந்தான் அழுது இழுத்துட்டு வந்தேன்."

இரண்டு நாள் தைலத்தை நானே தேய்த்துக்கொண்டேன். நேற்று முன்தினம் காலையில் சாப்பாட்டு டப்பாவைக் கையில் கொடுக்கும்போது கேட்டாள்.

"என்னைக்குப் போறீக அந்த ட்ராக்குக்கு? நானும் வாரேன்."

"நீ எதுக்கு ராணி?"

"நீங்க கத்துனதுக்கு நீங்க சொல்லுங்க. நான் கேக்க வச்சதுக்கு நான் சொல்லணும்ல."

ஆகவே மச்சான், அடுத்த மாதம் இரண்டு பேரும் டிராக்குக்குப் போகிறோம். நான் கத்திய அதே இடத்தில், காரைக் கிளப்புவதற்கு முன்னால், இருக்கிறவர்கள் எல்லோரும் கேட்க எங்கள் தப்பைச் சொல்லுவோம். நீங்கள் கேட்டிருக்கவே கூடாத மன்னிப்பை உங்களிடம் நாங்கள் கேட்போம். "சரி, விடு மாப்ள" என்று சொல்ல நீங்கள் இருக்கமாட்டீர்கள். தெரிந்தேதான் கேட்போம்.

உங்கள் தங்கச்சியைக் கட்டியவன்,
உங்கள் மாப்ள அந்தோணி