சுடுமணல்

1993 ஏப்ரல், வெள்ளி இரவு. கரைத்தீவு அகதி முகாம்.

இவ்வளவு நேரம் சென்று எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஸீனத் இப்போதுதான் தூங்கினாள்.

நடக்க முடியாத நம் மகள் ஒரு வாரமாகப் பகலில் தண்ணீர் குடிப்பதில்லை. பிடிவாதம் என்று நினைத்து இன்று அடித்தும் விட்டேன். "குடிச்சா கக்கூசுக்குப் போகணுமே உம்மா. மண் சுடுது" என்று அழுதாள்.

கல்லூரியில் பிள்ளை உளவியல் படித்தவள் நான். அவளைப் போலவே கையூன்றித் தவழ்ந்து பார்த்தேன். அக்கா மாதிரிப் பழகும் பக்கத்துக் குடிசை ராத்தா சிரித்தார்: "என்ன டீச்சர், வயித்துப் புள்ளைக்கு இப்பவே தவழப் பழக்குறீங்களா?" பாதி வழியிலேயே உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. செருப்போடு நடக்கிற எனக்கு இது தெரியவே இல்லை.

உங்கள் பழைய செருப்பை அவள் கைகளில் மாட்டிவிட்டேன். இழுபடும் தொடைகள் வெந்தன. ஏழு மாத வயிற்றோடு தூக்கவும் முடியவில்லை. மணல் ஆறிய பிறகுதான் குடித்தாள், மூன்று கோப்பை.

நாளையும் இதே வெயில்தான். நம்மை விரட்டிவிட்ட ஊருக்குத் திரும்பலாம் என்ற நம்பிக்கையும் போய்விட்டது. டயரியின் இந்தப் பக்கத்தைக் கிழித்து, நீங்கள் வேலை பார்க்கும் சவூதிக்கு அனுப்புகிறேன். உங்களால் வர முடியுமா, முடியாதா? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.