எட்டு வாரம் பச்சை

ஜனவரி 12, ஞாயிறு

ஆராதனை முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பாஸ்டர் சென்னகிருஷ்ணன் ஐயா கூப்பிட்டார். வீட்டு ஜெபக்குழுக்களின் வருகைப்பதிவு இனி என் பொறுப்பு.

"எம்.ஏ. படிச்ச பொண்ணு. கம்பெனியிலயும் கம்ப்யூட்டர் முன்னாடிதான உக்காந்திருக்க? இது உனக்கு எந்த மூலைக்கு, ரஞ்சிதா?"

பதினான்கு குழுக்கள். நூற்று அறுபத்து மூன்று பெயர்கள். வியாழன் மாலை ஏழு மணிக்கு வீடுகளில் கூடுகிறார்கள். முடிந்ததும் குழுத் தலைவர் தன் போனில் செயலியைத் திறந்து வந்தவர் பெயரைத் தொடுவார். பச்சை. வராதவர் சாம்பல். தொடர்ந்து மூன்று வாரம் சாம்பல் என்றால் பெயர் சிவப்பாகிவிடும். சிவப்பானால் யாராவது வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். இதை ஐயா இன்று மேடையிலேயே அறிவித்தார். "மூணு வாரம் வராம இருந்து பாருங்க. நாலாவது வாரம் உங்க வாசல்ல நாங்க நிப்போம்." எல்லோரும் சிரித்தார்கள்.

சரி என்றேன். ஜெபத்தை நடத்தச் சொல்லியிருந்தால் தயங்கியிருப்பேன். பல்கலைக்கழகத்துக்குப் போய்வந்ததிலிருந்து கண்ணை மூடினால் வார்த்தை வருவதில்லை. பட்டியல் பரவாயில்லை. அது என்னிடம் ஒன்றும் கேட்காது.

ஜனவரி 16, வியாழன்

எங்கள் தெருக் குழு முடிந்து மொட்டை மாடிக்கு வந்தேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் ரோஜா வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரங்களின் வெளிச்சம் — பால் நிறத்தில், தரையை விட்டு எழும்பியது போல. கையில் போன். ஒவ்வொரு பெயராகப் பச்சையானது. மத்திகிரி. சிப்காட். சூளகிரி. யாரோ எங்கோ ஒரு வீட்டில் பாட்டை முடித்து, டீயை முடித்து, ஒரு பெயரைத் தொடுகிறார். அது இங்கே என் உள்ளங்கையில் எரிகிறது.

அழகாக இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. யாரிடம்?

ஜனவரி 23, வியாழன்

தேன்கனிக்கோட்டைக் குழுவிலிருந்து ஒன்றும் வரவில்லை. அதன் தலைவர் ஆஞ்சப்பன் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"கூட்டம் இல்ல பாப்பா. ஆனைங்க எறங்கி வாழத் தோட்டத்துல நிக்குது. யாரும் வெளிய வரல."

"காரணம் போடணும் அண்ணா. லீவு, மழை, லீடர் ஊர்ல இல்ல, மத்தவை — இவ்வளவுதான் இருக்கு."

"எத்தன ஆனைன்னு போட எடம் இருக்கா? பதினாலு. நம்ம குரூப்ப விட அஞ்சு ஜாஸ்தி."

'மத்தவை' என்பதை அழுத்தினேன். அந்த ஒரு சொல்லுக்குள் பதினான்கு யானைகள் வாழை தின்றுகொண்டிருக்கின்றன.

ஜனவரி 30, வியாழன்

சூளகிரி மறுபடியும் முழுப் பச்சை. பதினொன்றுக்குப் பதினொன்று. வேறு எந்தக் குழுவும் இப்படி இல்லை. சுமலதா அக்கா வீட்டில் கூடுகிறது. இட்லி மாவு அரைத்து விற்கிற அக்கா.

பதினொன்றில் ஒரு பெயர் கவிப்ரியா. மன்னார்குடிப் பக்கத்துப் பெண். போனுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை, ஹாஸ்டலில் வாசம். போன வருடம் உபவாசக் கூட்டத்தில் குளிர் தாங்காமல் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்திருந்தோம். காதருகே வந்து கேட்டாள்: "அக்கா, நீங்க படிச்ச புக்குலல்லாம் சாமி வருவாரா?" சில புத்தகங்களில் வந்துவிட்டுப் போய்விடுவார் என்றேன். "போறப்ப சொல்லிட்டுப் போவாரா?"

போர்வையை அவள் பக்கம் இழுத்துவிட்டேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

கவிப்ரியாவிடமிருந்து தவறிய அழைப்பு ஒன்று, மாலையில். திரும்பக் கூப்பிடும் முன் செயலியைத் திறந்தேன். மூன்று வாரமும் பச்சை. நன்றாகத்தான் இருக்கிறாள். நாளை பேசலாம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஐயா மேடையில்: "சூளகிரியப் பாருங்க! பத்து மைல் தள்ளி பஸ் புடிச்சு வர்றாங்க. ஒரு ஆளு கொறையல." சுமலதா அக்கா தலையைக் குனிந்துகொண்டார். கூச்சம் என்று நினைத்தேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

கனவில் ஒரு நீளமான அறை. எல்லாப் பாயிலும் ஒரு பெயர். ஆட்கள் இல்லை.

மார்ச் 6, வியாழன்

செயலி புது வடிவத்துக்கு மாறிவிட்டது. சுமலதா அக்கா போனில் அதைப் போட்டுத்தர சூளகிரிக்கு பஸ் ஏறினேன். கூட்டத்துக்கும் இருந்தேன்.

என்னைச் சேர்க்காமல் ஆறு பேர். பாட்டில் ஒரு சரணம் தமிழ், அடுத்த சரணம் தெலுங்கு. பிறகு அக்கா ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஜெபித்தார். "கவிப்ரியா, ஆண்டவரே" என்றார். அந்தப் பெயருக்குப் பின் சற்று நிறுத்தினார், அவள் நடந்துவந்து உட்கார நேரம் விடுவதுபோல.

முடிந்ததும் போனை எடுத்து விரலால் தொட்டார். எண்ணினேன். பதினொரு முறை.

"அக்கா, ஆறு பேருதான வந்தாங்க?"

"ஆமா."

"பதினொண்ணு அமுக்கனீங்களே."

"பேரச் சொல்லி ஜெபிச்சோம்ல? சபை நடுவுல பேரு எழும்பிருச்சுன்னா ஆளு வந்த மாதிரிதான். ரெண்டு மணி ஷிப்ட்டு போட்டா அதுங்க என்னா பண்ணும்? அதுக்குன்னு வரலன்னு எழுதறதா? இல்லன்னு வெக்க எனக்குக் கை வரல ரஞ்சிதா. சாபம் குடுக்கற மாதிரி இருக்கு."

அந்த முகத்தில் ஒரு துளி கள்ளம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"கவிப்ரியா கடைசியா எப்ப வந்தா?"

அக்கா யோசித்தார். "பொங்கலுக்கு முன்னாடி. ஷிப்ட்டு மாத்திட்டாங்கன்னு நெனச்சேன்."

பஸ்ஸில் கணக்குப் போட்டேன். எட்டு வாரம். எட்டுப் பச்சை. முதல் மூன்று வாரத்துக்குப் பின், பிப்ரவரி ஆறாம் தேதியே நாங்கள் அவள் வாசலில் நின்றிருக்க வேண்டும்.

பிப்ரவரி இரண்டாம் தேதி அவள் கூப்பிட்டாள். ஏன் எடுக்கல? எடுக்காதது போகட்டும், ஏன்டி திரும்பக் கூப்பிடல? பச்சையப் பாத்துட்டு — ச்சே.

மார்ச் 8, சனி

அவள் எண் அணைந்திருக்கிறது. ஹாஸ்டலுக்குப் போனேன். போன மாதமே காலி செய்துவிட்டாளாம். அவள் கட்டிலில் இப்போது வேறொரு பெண். பக்கத்துக் கட்டில் பெண் கீழே வாசல்வரை வந்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பாகலூர் ரோட்டில் ஓர் இடத்தைச் சொன்னாள்.

மார்ச் 9, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை.

சந்துக்குள் வரிசையாக எட்டு அறைகள். குழாயடியில் வீட்டுக்கார அம்மா. "யாரு பேக்கம்மா?" யார் வேண்டும் என்று கன்னடத்தில் கேட்டார். பெயரைச் சொன்னேன். கடைசிக் கதவைக் காட்டிவிட்டு, தன் மார்பைத் தொட்டு இருமிக் காண்பித்தார்.

கதவு ஒரு சாண் திறந்தது. முகக்கவசம். அதற்கு மேல் கண்கள் மட்டும், முன்னைவிடப் பெரிதாக.

"அங்கயே நில்லுங்கக்கா. டிபி."

"எப்பலேர்ந்து?"

"பொங்கல்லேர்ந்து இருமல். மாசக் கடைசில டெஸ்ட் எடுத்துச் சொன்னாங்க. மத்த பொண்ணுங்க பயப்படுதுன்னு ஹாஸ்டல்ல காலி பண்ணச் சொல்லிட்டாங்க. இது தெரிஞ்ச அக்கா ரூம். பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருக்காங்க. மாத்திரை சாப்புடுறேன். இனிமே ஒட்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இருந்தாலும் நில்லுங்க."

நின்றேன். வெயில் சந்தின் பாதிவரை வந்திருந்தது.

"வாசல்ல நிப்போம்னு பாஸ்டர் சொன்னாருல்ல? நான் எண்ணிக்கிட்டே இருந்தேன்க்கா. மூணு ஆச்சு. நாலு ஆச்சு. அட்ரஸ் தெரியாம தேடுறாங்கன்னு நெனச்சேன். அப்பறம் எண்ணல."

"ஐயாவுக்கு ஒரு போன் —"

"கேட்டு வாங்குனா அது எப்படிக்கா வந்து பாக்குறதாவும்?"

சொல்லாமல் போயிருக்கலாம். சொல்லிவிட்டேன். எங்கள் பதிவில் நீ ஒரு வாரம்கூடத் தவறவில்லை, எட்டு வாரமும் சூளகிரிக்கு வந்திருக்கிறாய் என்று.

சிரித்தாள். சிரிப்பு இருமலாகி அடங்க வெகுநேரமானது.

"நல்லாப் பாடுனேனா?"

மார்ச் 11, செவ்வாய்

இரண்டு கவிப்ரியா. ஒருத்தி ஒவ்வொரு வியாழனும் தலைவாரிப் பூ வைத்து சூளகிரி பஸ்ஸில் ஏறுகிறாள், கடைசி வரிசையில் உட்கார்ந்து பாடுகிறாள், டீ குடிக்கிறாள், இருமுவதே இல்லை. அவளை எங்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது. அவளால் எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

மார்ச் 13, வியாழன்

ஐயாவிடம் சொன்னேன். "சூளகிரியப் பாருங்கன்னு மேடையில நின்னு சொன்னேனே" என்றார். யாரையும் திட்டவில்லை. அக்காவை வரச்சொன்னார்.

சுமலதா அக்கா மணிக்கட்டில் மாவு காய்ந்திருக்க வந்தார். நான் சொல்லச்சொல்ல, தன் விரலாலேயே ஒவ்வொரு வாரமாகத் திறந்து பச்சையை எடுத்தார். மூன்றாவது வாரம் சாம்பலானதும் கவிப்ரியா பெயர் சிவந்தது. மேசைமேல் இருந்த ஐயாவின் போன் ஒரு முறை ஒலித்தது. 'சந்திக்க வேண்டியவர்: ஒருவர்.'

அக்கா அந்தப் போனையே பார்த்தார்.

"இவ்வளவுதானா? இல்லன்னு வெச்சிருந்தா இது அன்னைக்கே அடிச்சிருக்குமா?"

"அடிச்சிருக்கும் அக்கா."

"தேவுடா." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு: "செகப்பு விழற வீட்டுக்குல்லாம் இனிமே நான் போறேன் ஐயா. எந்தக் குரூப்பா இருந்தாலும். அந்த வேலைய எனக்குக் குடுங்க."

அக்கா பச்சை வைத்தது அன்பில். நான் பச்சையை நம்பியது சோம்பலில். செயலி இரண்டுக்கும் ஒரே நிறம் காட்டியது.

மார்ச் 16, ஞாயிறு

அக்கா போயிருக்கிறார். கவிப்ரியா கதவைத் திறக்கவில்லை. உள்ளிருந்தே, "என் பேர எடுத்துருங்க சிஸ்டர்" என்றாளாம். அக்கா தூக்குவாளியை வாசலில் வைத்துவிட்டு வந்துவிட்டார். போனில் சொல்லும்போது குரல் தட்டையாக இருந்தது. "எடுத்துரு ரஞ்சிதா. அது கேட்டது ஒண்ணே ஒண்ணு."

நீக்கு. உறுதியா? உறுதி.

நூற்று அறுபத்து இரண்டு.

மார்ச் 20, வியாழன்

கம்பெனி பஸ்ஸில் இருந்து பாதியிலேயே இறங்கி பாகலூர் ரோட்டுக்கு நடந்தேன். எனக்குத் திறந்தாள். சபையிலிருந்து வந்திருக்கிறேனா என்று கேட்டாள். இல்லை, வேலையிலிருந்து என்றேன்.

"வியாழக்கிழமதான்க்கா கஷ்டம். மத்த நாள் எப்படியோ போயிரும். வியாழக்கிழம ஏழு மணி ஆனா காது வாசல்லயே கெடக்கும்."

சொன்னேன்: "அன்னைக்கு நீ கூப்பிட்ட. பச்சையா இருந்ததால நான் திரும்பக் கூப்பிடல."

"தெரியும்க்கா."

"எப்படி?"

"நீங்கதான் மூஞ்சில வெச்சுக்கிட்டுத் திரியுறீங்களே."

இனி வியாழக்கிழமைகளில் இங்கே வருவது. தெருக் குழுவுக்கு முடியாது. அதன் தலைவர் மாதப்பன் மாமா கண்டிப்பானவர். வராதவரை வராதவர் என்றே வைப்பார்.

மார்ச் 27, வியாழன்

முட்டை வாங்கிப் போனேன். மாத்திரை ஆரம்பித்த முதல் நாள் ஒன்றுக்கு ஆரஞ்சு நிறத்தில் போனதைப் பார்த்து, செத்துப்போய்விட்டோம் என்றே நினைத்தாளாம். நிற்காமல் சிரித்தோம். வீட்டுக்கார அம்மா கன்னடத்தில் திட்டிக்கொண்டே சுவரைத் தட்டினார்.

"நீங்க ஜெபம் பண்ண மாட்டீங்களாக்கா?"

"வராது."

"அப்ப சும்மா ஒக்காருங்க."

சும்மா உட்கார்ந்தோம். ஷிப்ட் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஜன்னல் கம்பிகளின் நிழல் சுவரில் நகர்ந்து, அவள் முழங்காலில் ஏறி, இறங்கி, அணைந்தது. இவ்வளவு நேரம் நான் எதையும் நினைக்காமல் இருந்தது எப்போது?

ஏப்ரல் 3, வியாழன்

ரஞ்சிதா — சிவப்பு.

மூன்று வாரம். பட்டியல் என் கையில்தான் இருக்கிறது. ஒரு தொடுகை போதும், பச்சையாக்கிவிடலாம். விரல் அருகில்வரை போனது.

விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 10, வியாழன்

கவிப்ரியா இரண்டு கிலோ ஏறியிருக்கிறாள். முட்டையை உரித்துக்கொண்டிருந்தோம். மணி ஏழு இருக்கும். வாசலில் நிழல்.

சுமலதா அக்கா. மூச்சு வாங்கியது. படியேறவில்லை. உள்ளே பார்க்கவும் இல்லை. என்னை மட்டுமே பார்த்தார், அறையில் வேறு யாரும் இல்லாததுபோல.

"மூணு வாரமா நீ இல்ல ரஞ்சிதா. போன வாரம் போன்ல உன் பேரு வந்துச்சு. வீட்டுக்குப் போனேன், அம்மா இங்க இருப்பன்னாங்க. கூட்டத்த இன்னைக்கு அவங்களையே நடத்திக்கச் சொல்லிட்டு வந்தேன். உடம்பு நல்லாருக்குல்ல?"

"நல்லாருக்கேன் அக்கா."

"சரி. பாத்துட்டேன். அவ்வளவுதான். வர்றேன்."

திரும்பினார். இங்கிருந்து சூளகிரி பஸ்ஸுக்கு இரண்டு முறை மாற வேண்டும். செருப்பு ஒரு பக்கம் வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது.

கவிப்ரியா முட்டை ஓட்டைத் தரையில் ஒவ்வொன்றாக அடுக்கினாள். அடுக்கி முடித்தாள்.

"சிஸ்டர்."

அக்கா நின்றார்.

"செருப்ப உள்ள கழட்டிப் போடுங்க. வெளிய விட்டா நாய் தூக்கிட்டுப் போயிரும்."