பூக் கேட்டு ஓடிய பஸ்

திருத்தணி,
விய வருஷம், ஆவணி மாதம்.

பம்பாயில் இருக்கும் சிரஞ்சீவி நாகேந்திரனுக்கு உன் நைனா வீரபத்திரன் ஆசீர்வதித்து எழுதுவது. தணிகை முருகன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் சுகம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும். இங்கே மழை பரவாயில்லை. பள்ளிப்பட்டிலிருந்து உன் அக்கா வந்துவிட்டுப் போனாள், அவள் சின்னது இப்போது சுவரைப் பிடித்து நடக்கிறதாம்.

உன் கடிதம் கிடைத்தது. மில் மானேஜர் எதற்கும் பதில் சொல்வதில்லை, காரியம் கெட்டால் மட்டும் உன்னைக் கைகாட்டுகிறார் என்று எழுதியிருக்கிறாய். வேலையை விடலாமா, இருக்கலாமா என்று மலைமேல் பூக்கட்டிப் போட்டுப் பார்த்து எழுதச் சொல்லியிருக்கிறாய். படித்ததும் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஏனென்றால் அந்தப் பூவினால்தான் நானே பஸ் கம்பெனி வேலையை ஆடிக் கிருத்திகையோடு விட்டேன். நீ கவலைப்படுவாய் என்றுதான் இதுவரை எழுதவில்லை.

பெரிய முதலாளி காலமான பிறகு அவர் பிள்ளை மணவாளன் வந்தது உனக்குத் தெரியும். நல்ல பிள்ளைதான், யாரையும் ஒரு கடுஞ்சொல் சொல்லமாட்டான். ஆனால் டயர் மாற்றுவதா, கண்டக்டரை நிறுத்துவதா, எதைக் கேட்டாலும் சரி என்றும் சொல்லமாட்டான், வேண்டாம் என்றும் சொல்லமாட்டான், மலை ஏறிவிடுவான். இலையில் மடித்த இரண்டு பொட்டலம், ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. சந்நிதியில் போட்டு எடுக்கச் சொல்வான், வெள்ளை வந்தால் செய்வான். தப்பாகப் போனால், “பூ அப்பிடி வந்துச்சு, நா இன்னா பண்றது” என்பான். கிருத்திகைக்கு முன்தினம், பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடுகிற நம் கரி பஸ்ஸில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. மெக்கானிக் சர்தார், ஒரு நாள் வண்டியை நிறுத்தினால் பிரித்துச் சரிசெய்கிறேன் என்றான். முதலாளி பூக் கேட்டான், வெள்ளை வந்தது. மறுநாள் சத்திரத்தில் காவடிக்காரர்கள் காத்திருந்தார்கள், வேறு டிரைவர் ஏறினால் என்ன ஆகுமோ என்று நானே ஏறினேன். மேடு பள்ளம் வரும் இடமெல்லாம் எல்லாரையும் இறக்கி நடக்கவைத்து, கியரிலேயே வண்டியை அடக்கிக் கொண்டுவந்து சேர்த்தேன். ஜனங்கள் அரோகரா போட்டுக்கொண்டே நடந்தார்கள், ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. மணவாளன் ஓடிவந்து, “பாத்தீங்களா அண்ணே, பூ பொய் சொல்லாது. நீங்க சும்மா பயந்துகினு இருந்தீங்க” என்றான். அதைக் கேட்டதும்தான் மனசு விட்டுப்போயிற்று. விபத்து நடந்திருந்தால்கூட இருந்திருப்பேனோ என்னவோ. நன்றாக நடந்ததனால்தான், நாளைக்கும் அதே வண்டியை ஓட்டச் சொல்வான் என்று தெரிந்தது.

கோபத்தோடு வெளியே வரவில்லை. முதலாளி முகத்தைப் பார்த்தே வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்றேன். அடுத்து ஏறும் டிரைவரிடம் பிரேக்கைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன், நீயும் எந்த வேலையை விட்டு வந்தாலும் அடுத்து வருபவனிடம் சொல்லாமல் வராதே. இப்போது அரக்கோணத்தில், அங்கிருந்து விலகிவிட்ட சர்தாரோடு லாரி ரிப்பேர். வரும்படி குறைவு, கை முழுக்க எண்ணெய். ஆனாலும் ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறேன். ஒன்று மட்டும் உனக்குச் சொல்லவேண்டும். முடிவு எடுக்காதவனிடம் வேலை செய்தால் நமக்கும் அது ஒட்டிக்கொள்கிறது. போன மாதம் கூரைக்கு ஓலை மாற்றலாமா என்று உன் அம்மா கேட்டதற்கு, பூக் கேட்டுப் பார்க்கலாம் என்று என் வாயிலேயே வந்தது. அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. உன் கடிதத்தைப் பார்த்ததும் உனக்கும் ஒட்டிக்கொண்டதோ என்று பயமாயிருக்கிறதப்பா.

நான் இப்படிச் சொன்னாலும் உன் அம்மா கேட்கவில்லை. இன்று காலை மல்லிகையும் சிவப்பு ரோஜாவும் வாங்கிவந்து இரண்டு பொட்டலமாக மடித்துவிட்டாள். “எம் புள்ளைக்குக் கேக்கறதுல இன்னா தப்பு” என்றாள். சாமியிடம் அவனுக்குத் தைரியம் கேள், பதிலை அவன் சொல்லட்டும் என்றேன். நீ வந்துவிட வேண்டும் என்று அவளுக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். பிறகு இரண்டையும் பிரித்துச் சேர்த்துக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு மலை ஏறினாள். இதனுடன் இருப்பது அவள் கொண்டுவந்த விபூதி மட்டும்.

வந்தாலும் சந்தோஷம், இருந்தாலும் சந்தோஷம். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே. என்ன செய்யட்டும் என்று எழுதாதே, என்ன செய்தாய் என்று எழுது.

உன் நன்மையையே நினைக்கும் நைனா,
வீரபத்திரன்