வெள்ளத்தில் நின்ற சவுக்கு

இல்லை அத்தான், இந்த வாரமும் வேதாரண்யத்துக்கு லாரி வராது. கன்று இன்னும் தயாராகவில்லை என்று போனில் சொன்னது பொய். பத்தாயிரமும் நாற்றங்காலில் தயாராக நிற்கின்றன. நான்தான் ஏற்றவிடவில்லை. போனில் சொன்னால் நீங்கள் சத்தம் போடுவீர்கள், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

பழையகாயல் கடற்கரையில் நாம் நட்ட சவுக்குக் காடு சாகிறது.

மார்ச்சில் பட்டையெல்லாம் கருப்பாகத் தூள். அனல்மின் நிலையத்துக்குப் போகும் கரி லாரித் தூசி என்று நினைத்தேன். இந்த ஊரில் எதன்மேல் கருப்பு தெரிந்தாலும் அப்படித்தான் நினைப்போம். துணியை உதறி உள்ளே எடுப்போம். மரத்தையும் அப்படியே விட்டேன். இரண்டு மாதம். வனவியல் படித்தவள்.

கரி இல்லை. பட்டை கொப்புளித்து வெடித்து, உள்ளிருந்து வரும் பூஞ்சைத்தூள். காற்று அதை அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகிறது. காட்டுக்குப் பின்னால் குடியிருக்கும் ஏசுவடியான் அண்ணாச்சி தொட்டுப் பார்த்து, கருத்த விரலைக் காட்டினார். "ஏளா, ஒங்க மரமெல்லாம் ஓட்டுப் போட்டுட்டு வந்து நிக்குது போல" என்று சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. "இது விழுந்துட்டுன்னா மணலு எங்க கூரைமேலதாம்ளா வந்து ஏறும்" என்றார்.

அந்த டிசம்பர் வெள்ளத்தில் இங்கே முன்பிருந்த சவுக்கு மரங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தபோது ஒன்று மட்டும் நின்றது. நாற்றங்கால் வேலைக்கு வரும் சண்முகத்தாய் அக்கா அதற்கு மஞ்சள் துணி கட்டினாள். கன்று வளர்க்கப் பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதில் குச்சி ஒடித்தார்கள். இந்தக் காடும் நம் கன்றுகள் அத்தனையும் அந்த ஒரே மரத்தின் குச்சிகள். வெள்ளத்தைத் தாங்கியது எல்லாவற்றையும் தாங்கும் என்று அவர்கள் கும்பிட்டார்கள். நாம் கும்பிடாமலே நம்பினோம்.

அடுத்து வந்தது வெள்ளமில்லை. மழையே இல்லாத இரண்டு கோடை. வாடிய மரத்தில் நோய் ஏறியது. எல்லாம் ஒரே மரம்தானே. ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வந்தது.

ஐந்து வரிசைக்கு ஒன்று புன்னையும் உடைமரமும் வைப்போம் என்று கேட்டேன். "காடு சலூன்ல வெட்டுன மாதிரி இருக்கணும்ளா, பாக்க வாரவன் வாயப் பொளக்கணும்" என்றீர்கள். தானாக முளைத்த உடையையும் பிடுங்கச் சொன்னீர்கள். பிடுங்கியது நான். கன்றுகளோடு போகும் 'சோதித்த ரகம்' என்ற சீட்டில் கையெழுத்துப் போட்டதும் நான். என் பட்டத்தைச் சட்டம் போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டினீர்கள். அதற்கு வேறு உபயோகம் இருந்ததாகத் தெரியவில்லை.

வேதாரண்யத்தில் இறக்கிய முதல் லோடு இன்னும் நிழல்வலைக்குக் கீழேதான் இருக்கிறது என்றீர்கள். அந்தக் கன்றுகளில் இப்போது நோயில்லை. நாம் இங்கே நட்டபோதும் இல்லை. அங்கேயும் காட்டுக்குப் பின்னால் வீடுகள் இருக்கும்.

அந்த ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு நீங்களே சொல்லிவிடுங்கள் அத்தான். பல மரங்களைக் கலந்து நடட்டும். நம்முடையது பத்தில் ஒன்றுக்கு மேல் வேண்டாம். நீங்களாகக் கண்டுபிடித்ததாகவே இருக்கட்டும், என் பெயர் வேண்டாம். அங்கே தண்ணீர் சரியில்லை என்றீர்கள். காய்ச்சிக் குடியுங்கள்.

உங்கள் நலம் வேண்டும்
செல்வராணி

உறையை ஒட்டிவிட்டு அவள் இன்னொரு தாள் எடுத்தாள். வேதாரண்யத்தில் அந்த ஊரின் பஞ்சாயத்துத் தலைவருக்கு இதே விஷயத்தைப் பத்து வரியில் எழுதி, கீழே தன் முழுப்பெயரைப் போட்டாள். கணவனுடையதைச் சாதாரணத் தபாலிலும் தலைவருடையதை ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பினாள்.