மூன்றாவது கேள்வி

திருவண்ணாமலை,
24.10.2002

சிரஞ்சீவி மாறனுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. நான் சௌக்கியம், வழக்கத்துக்காகச் சொல்லவில்லை, நேற்றுதான் டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்துச் சொன்னார். டொராண்டோவில் குளிர் தொடங்கியிருக்கும், நீயும் சிந்துஜாவும் குழந்தை சினேகாவும் உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன். உன் தீபாவளி வாழ்த்து அட்டை முன்கூட்டியே வந்து சேர்ந்தது. அதில் ‘ஞாயிற்றுக்கிழமை’யில் ‘ற்’ விட்டுப்போயிருக்கிறது. நாற்பது பேருக்கு மேலாளராக இருப்பவன் ஓர் எழுத்தைக் காரணமில்லாமல் வேலையை விட்டு நீக்கலாமா?

பகலில் துணைக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொள், நல்ல ஆளாக அமைந்துவிட்டால் கார்த்திகை தீபத்துக்கு நான் அடித்துப் பிடித்துக்கொண்டு வரவேண்டியதில்லை, கோடையில் நிதானமாக வருகிறேன் என்று நீ சொன்னாய். அதோடு நிற்காமல் ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று போனிலேயே வகுப்பெடுத்தாய். அவசரப்படாதே, எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேள், நீ பேசுவதைக் குறைத்து அவர்களைப் பேச விடு, தன் குறையைத் தானே சொல்கிறவர்களை விட்டுவிடாதே என்றெல்லாம். பேச்சுப் போட்டிக்குப் போன காலத்துக்குப் பிறகு உன் குரலில் அவ்வளவு உற்சாகத்தை நான் கேட்டதில்லை. அதற்காகவே குறுக்கே பேசாமல் இருந்தேன். நீ சொன்னபடியே செய்தேன். முதலில் வந்தது கீழ்பென்னாத்தூரிலிருந்து தேவிப்ரியா என்ற பெண், பிளஸ் டூ முடித்தவள், எல்லாவற்றுக்கும் பளிச்சென்று பதில் சொன்னாள். உன் பலவீனம் என்ன என்று கேட்டேன். “ரத்தம் கம்மின்னு ஆஸ்பத்திரில சொன்னாங்கம்மா, மாத்திரை சாப்பிடறேன், சரியாயிடும்” என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு காபி கொடுத்து, யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன், அதற்குள் செங்கம் ரோட்டில் ஏதோ விடுதியில் அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. அடுத்து அடி அண்ணாமலையிலிருந்து வெள்ளையம்மாள், உன்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருப்பாள். அதே கேள்விக்கு அவள், “மறதி ஜாஸ்திம்மா. ஒரு தரத்துக்கு ரெண்டு தரம் சொல்லிட்டு அப்புறமா திட்டுங்க” என்றாள். தன் குறையைத் தானே சொல்லிவிட்டாள், விடுவேனா, அவளையே வைத்துக்கொண்டேன்.

பாராட்டுவதைப் பொதுவாகச் சொல்லாமல் எதற்கென்று குறிப்பிட்டுச் சொல் என்றாய். என்னிடம் பாராட்டு வாங்கியவர்கள் குறைவு, உனக்கே தெரியும். ஆனாலும் ஒரு நாள், நீ மடித்த புடைவையில் ஓரத்துக்கு ஓரம் சரியாக இருக்கிறது வெள்ளையம்மா என்றேன். அவள் கையிலிருந்ததை வைத்துவிட்டு, “இன்னாம்மா, என்னை நிறுத்தப் போறீங்களா?” என்று கேட்டாள். சமாதானப்படுத்தப் பெரும் பாடாகிவிட்டது.

அப்புறம் வாராவாரம் கால் மணி நேரம் உட்கார்ந்து பேசு, மூன்று கேள்வி கேள் என்றாயே, வாரம் எப்படிப் போனது, ஏதாவது சிரமம் உண்டா, நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று. போன சனிக்கிழமை அவளை எதிரில் உட்காரவைத்துக் கேட்டேன். இரண்டாவது கேள்விக்கு “கொறை ஒண்ணும் இல்லைங்க” என்றாள். மூன்றாவதைக் கேட்டதும் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். என் காதுக்காக நான் ஸ்பீக்கரைப் போட்டுத்தானே உன்னோடு பேசுகிறேன், வீடு முழுவதும் கேட்கும். “தம்பி ஞாயித்துக்கெழம போன்ல உங்களைக் கேக்கறதாச்சே இது! நீங்களும் அவர்கிட்ட வேலைக்கு இருக்கீங்களாம்மா?” என்றாள். நானும் சிரித்தேன். கேலி நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் அவள் வரவில்லை. மூன்று நாளாகவே ஜுரத்தோடு வந்துகொண்டிருந்தாளாம், திங்கட்கிழமை முகம் வாடி வந்து நின்றாள். முந்தாநாள் கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்று கோபித்தேன். “பெரியவங்க உக்கார வெச்சு கேட்டா இல்லைன்னுதானம்மா சொல்லணும்” என்றாள்.

மாறா, நானும் உனக்கு அப்படித்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீ தெரிந்து செய்வதில்லை, அக்கறையோடுதான் கேட்கிறாய், ஆனால் நீ கேட்கும் விதத்துக்கு வேறு பதில் வருவதில்லை, எல்லாம் சௌகரியம் என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிடுகிறேன். மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் ஜெர்மன்காரர் மௌன விரதம் எடுத்திருக்கிறார், காலையில் கும்பிடுவார், அதோடு சரி. திங்கட்கிழமை பௌர்ணமி, சாயங்காலத்திலிருந்து வாசலில் கிரிவலக் கூட்டம், எத்தனையோ ஊர்ப் பேச்சு காதில் விழுந்தது, ஒருவரும் என்னோடு பேசவில்லை, அவர்கள் ஏன் பேச வேண்டும். வெள்ளையம்மாளை ஜுரத்தோடு சீக்கிரமே அனுப்பிவிட்டேன். உன் அப்பா நாற்காலியில் யாராவது உட்கார்ந்திருந்தால் தேவலை என்று இருந்தது. நல்ல ஆளாக அமைந்தால் நீ வரவேண்டாம் என்று கணக்கு இருப்பதால் அவளிடம் குற்றம் கண்டுபிடிக்கக்கூடப் பார்த்தேன். கிடைக்கவில்லை. நல்லவள்தான், நீ சொன்ன முறையும் சரிதான். அந்த வேலைக்கு அவள் போதும். மற்ற வேலைக்கு அவளை வைக்க முடியாது.

ஆகையால் மூன்றாவது கேள்விக்கு இப்போது பதில் எழுதுகிறேன். தீபத்துக்கு வா. நான்கு நாளானாலும் போதும். கான்வென்டில் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதப் பழகியவள் நான், எழுதியதை அடிக்க மாட்டேன். லீவு இல்லையென்றால் இல்லை என்று நேராகச் சொல், அதைத் தாங்கிக்கொள்வேன்.

மூவரும் நீண்ட ஆயுளோடும் குறைவில்லாத உடம்போடும் இருக்க அண்ணாமலையாரை வேண்டிக்கொள்கிறேன். சினேகாவுக்குக் காது மறைகிற தொப்பி போடச் சொல். ஞாயிற்றுக்கிழமை (எழுத்தைப் பார்த்துக்கொள்) போன் செய்யும்போது என்னை எதுவும் கேட்காதே. நீ என்ன சாப்பிட்டாய், ஆபீஸில் யாரோடு சண்டை, குழந்தை எதற்கு அழுதாள், அதைச் சொல். நான் ஸ்பீக்கரைப் போடாமல் காதோடு வைத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புள்ள அம்மா,
ரேணுகாம்பாள் சகாதேவன்